எங்களை முதலில் தொடும் கைகளுக்கு

அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களே, எக்ஸ்ரே எடுக்கிறவர்களே, வணக்கம்.

அன்றைக்கு நான் உங்களில் சிலரிடம் வந்தது கால் சுண்டுவிரலுக்காக. கட்டில் காலில் இடித்துக்கொண்டேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். எனக்குப் பழகிய சத்தம்தான். அதற்கு முன் 31 தடவை கேட்டிருக்கிறேன். ஒரு எக்ஸ்ரே, பக்கத்து விரலோடு சேர்த்து ஒரு கட்டு, அப்புறம் வீடு என்றுதான் நினைத்திருந்தேன். வரிசையில் உட்கார வைத்தார்கள். பிபி பார்க்கும் மிஷினைத் தள்ளிக்கொண்டு ஒரு செவிலியர் வந்து வலது மேற்கையில் பட்டையைச் சுற்றினார். “இந்த மிஷின் வேண்டாங்க. கையால பம்ப் அடிக்கிறது இருந்தா, சட்டைக் கைக்கு மேல சுத்தி மெதுவா பாருங்க. எனக்கு எலும்பு உடையும்” என்றேன். “எல்லாருக்கும் போடுறதுதாம்மா, ஒண்ணும் ஆகாது” என்றார். கனிவாகத்தான் சொன்னார். பொத்தானை அழுத்திவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். மிஷின் ஒரு முறை இறுக்கியது. அளவு கிடைக்கவில்லை போல. தானாகவே இரண்டாம் முறை, முன்னைவிடப் பலமாக இறுக்க ஆரம்பித்தது. மறுபடி அதே ‘டக்’.

சுண்டுவிரலுக்கு வந்தவள் மேற்கை முறிந்து வார்டில் படுத்தேன்.

மறுநாள் அந்தச் செவிலியர் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்போது எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இப்போது இல்லை. அவர் செய்தது ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற, நூறு தடவையும் ஒரு பிசகும் இல்லாமல் முடிகிற காரியம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கை யோசிக்காமலே செய்கிற காரியங்கள் இருக்கின்றனவே, எங்களைப் போன்றவர்களுக்கு அடியும் காயமும் விபத்தும் அவைதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகப் பேசலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இடது கையால் தட்டச்சு செய்வதால் மெதுவாகத்தான் வருகிறது.

எனக்கு இருப்பது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, நான்காம் வகை. “கால்சியம் மாத்திரை சாப்பிடக் கூடாதா?” என்று கேட்காத ஆள் இல்லை. சுண்ணாம்பு என் எலும்பில் இருக்கத்தான் செய்கிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய நார், அதாவது முதல் வகைக் கொலாஜன், பிழையாக முறுக்கப்பட்டிருக்கிறது. எங்களில் பெரும்பாலோருக்குப் பிழை இருப்பது இரண்டே மரபணுக்களில் ஏதோ ஒன்றில். 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. கண்ணின் வெள்ளை நீலமாக இருக்கும் என்று படித்திருப்பீர்கள். முதல் வகைக்காரர்களுக்கு அப்படித்தான். நான்காம் வகையில் பலருக்கு அது வெள்ளையாகவே இருக்கும். ஒரு தடவை ஓர் இளம் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு நார்மலா இருக்கே” என்று என் வியாதியையே ரத்து செய்துவிட்டார். தொடை எலும்பில் இருந்த இரும்புக் கம்பிக்கு அது தெரியவில்லை.

இந்த மாதிரி உடம்புக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறோம். வியாதி ஒன்றல்ல, எலும்பு ஒருவருக்கு, தோல் ஒருவருக்கு, ரத்தம் ஒருவருக்கு, நரம்பு ஒருவருக்கு. எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு: மிக அற்பமான காரணத்துக்கு ஆஸ்பத்திரி போனவர் யார்? கால் மேல் கால் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில் பாதம் தொங்கிப்போனவர் இருக்கிறார். அவருக்கு 17ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை; நரம்பின் உறை பலவீனம், அழுத்தினால் நரம்பு மரத்துப்போய், மீண்டு வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். தோள்பை வாரால் கை செயலிழந்ததும் அவருக்குத்தான். ஆனாலும் இதுவரை ஜெயித்தது நான். தும்மினேன், விலா எலும்பு போனது.

சிரிப்பாக இருக்கும். எங்களுக்கும் சிரிப்புதான். ஆனால் உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது இதே விஷயம் எங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தீர்கள், எவ்வளவு வேகத்தில் இடித்தது, ரத்தம் வந்ததா, வீங்கியிருக்கிறதா என்று கேட்டு வரிசையில் எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறீர்கள். மற்ற எல்லாருக்கும் அது சரியான கணக்கு. எங்களுக்கு அடியின் அளவுக்கும் சேதத்தின் அளவுக்கும் சம்பந்தமே கிடையாது. “கட்டில் காலில் இடித்தது” என்று உண்மையைச் சொன்னால் கடைசி நாற்காலிதான் கிடைக்கும். எங்கள் குழுவில் ஒருவர், இப்போதெல்லாம் மாடிப்படியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று பொய் சொல்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஹீமோஃபிலியா உங்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர். தெரிந்த பெயர் என்பதாலேயே அதில் தவறு நடக்கிறது. விரலில் கீறினால் குடம் குடமாக ரத்தம் கொட்டும் என்பது ஊரார் நினைப்பு. அப்படி இல்லை. தட்டணுக்கள் நன்றாகவே இருப்பதால் சின்னக் கீறல் ஓரளவு அடைபட்டுவிடும். மற்றவர்களைவிட வேகமாக ரத்தம் வராது, நிற்கத்தான் நேரமாகும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: மூட்டுக்குள், இடுப்புத் தசைக்குள், தொண்டையில், மண்டைக்குள். ரத்தத்தை உறையவைக்கிற புரதங்களைக் காரணி என்பார்கள்; எட்டாம் காரணி குறைந்தால் ஏ வகை, ஒன்பதாம் காரணி குறைந்தால் பி வகை. அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான வகை. அவர்களுக்கு எந்த அடியும் படாமலேயே உள்ளே கசியும். விக்டோரியா ராணியின் மகன் லியோபோல்ட் 1884-ல் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். வயது 30. அரண்மனை வைத்தியரிடம் கொடுக்க அப்போது ஒன்றும் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

இருந்தும் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். குழுவில் ஒரு தாய். மகனுக்குக் கடுமையான ஏ வகை. பதினோரு வயதில் அலமாரிக் கதவின் முனை நெற்றிப்பொட்டில் இடித்தது. வீக்கம் கூட இல்லை. மகனையும் இழுத்துக்கொண்டு, ஐஸ் வைத்த டப்பாவில் எட்டாம் காரணி மருந்தையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். “முதல்ல இதைப் போட்டுடுங்க, அப்புறம் ஸ்கேன் எடுங்க” என்றார். “ஸ்கேன்ல ஏதாவது இருந்தா போடலாம்மா, பையன் நல்லாத்தானே பேசுறான்” என்று பதில் வந்தது. பையன் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். ஸ்கேன் வரிசையில் நான்கு மணி நேரம். மூன்றாம் மணியில் வாந்தி. இப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. வலது கையால் பேனா பிடிக்க முடியாது. அந்த டப்பா நான்கு மணி நேரமும் தாயின் மடியிலேயே இருந்தது.

தலையில் அடி என்றால் காரணியை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு படம் எடுப்பது என்பது ஹீமோஃபிலியா மருத்துவத்தில் எழுதிவைத்த விதி. சந்தேகமாக இருந்தாலும் போட்டுவிட வேண்டும். தசையில் ஊசி போடக் கூடாது, ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பவை உங்களுக்கே தெரியும். ஆனால் கொஞ்சம் புதிதான விஷயம் ஒன்று இருக்கிறது. ஏ வகைக்கு எமிசிசுமாப் என்ற மருந்து 2017 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. தோலுக்கடியில் போடுகிற ஊசி. அதை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வழக்கமான ரத்த உறைவு நேரச் சோதனை செய்தால் ‘நார்மல்’ என்றே வரும், உண்மையில் அவ்வளவு பாதுகாப்பு இல்லாதபோதும். அந்தத் தாளை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அப்புறம், “வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?” என்று கேட்டு, யாருக்கும் இல்லை என்றதும் சந்தேகமாகப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் குடும்பத்தில் முன் கதையே இருக்காது. பெண்களுக்கு வராது என்பதும் தவறு; மரபணுவைச் சுமக்கிற பெண்களில் பலருக்குக் காரணி அளவு குறைவாகத்தான் இருக்கிறது.

இனி தோல். இதைத்தான் நிதானமாகச் சொல்ல ஆசை. ஏனென்றால் இங்கே சேதம் செய்வது ஊசியோ கத்தியோ இல்லை, பிளாஸ்டர்.

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. நாங்கள் இ.பி. என்று சொல்வோம். மேல்தோலையும் உள்தோலையும் பிணைக்கிற முளைகள் சரியில்லை. சில வகைகளில் மேல்தோலின் உயிரணுக்களே உடைகின்றன, சில வகைகளில் முளையாக இருக்க வேண்டிய ஏழாம் வகைக் கொலாஜன் உருவாவதே இல்லை. தேய்த்தால் தோல் நகர்ந்துவிடும். வண்ணத்துப்பூச்சியின் இறக்கை என்று எழுதுவார்கள், இ.பி. உள்ள குழந்தையின் அப்பா ஒருவர் எங்களிடம் சொன்னது அதைவிடப் பொருத்தம்: “வேகவைத்த தக்காளித் தோல்.” அவருடைய மகளுக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. ஊசி ஏற்றுவதில் பிரச்சினை இல்லை. ஊசி நகராமலிருக்க டேப் ஒட்டினார்கள். அப்பா தடுக்கப் போனபோது “டேப் இல்லாம எப்படி நிக்கும்?” என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். மறுநாள் காலை டேப்பை எடுத்தார்கள். ஓரத்தைத் தூக்கி, எல்லாருக்கும் செய்வதுபோல ஒரே இழுப்பு. புறங்கைத் தோல் கையுறை மாதிரி டேப்போடு வந்தது. அவள் கத்தவே இல்லையாம். கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

டேப் இல்லாமல் நிறுத்த முடியும். ஒட்டாத துணிச்சுருளைச் சுற்றிக் கட்டலாம். சிலிகான் பூசிய பட்டைகள் இருக்கின்றன. தவறி ஒட்டிவிட்டாலும் வழி இருக்கிறது: இழுக்கவே இழுக்காதீர்கள். மெழுகு எண்ணெயையோ (லிக்விட் பாரஃபின்) சிலிகான் கரைப்பானையோ ஓரத்தில் விட்டு ஊறவைத்து, தோலிலிருந்து டேப்பை உரிப்பதற்குப் பதில் டேப்பிலிருந்து தோலை விடுவித்துக்கொண்டே போக வேண்டும். அரை மணி நேரம் ஆகலாம். இசிஜி எடுக்கிற ஒட்டுகளுக்கும் இதே கதிதான். மணிக்கட்டில் போடும் பெயர்ப்பட்டையின் ஓரம் கூட அறுக்கும், துணியில் கட்டிவிடுங்கள். பிபி பார்க்க வேண்டுமானால் கீழே பஞ்சு சுற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிட் பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை மட்டும் நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்: இ.பி. தோல் நேராக அழுத்தினால் ஓரளவு தாங்கும், உரசினால் தாங்காது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் உரசும். அடியில் கையை விரித்து வைத்து மொத்தமாகத் தூக்கினால் அவ்வளவு உரசாது. கட்டிலில் மேலே இழுத்துவிடாமல் புரட்டி, துணியோடு சேர்த்துத் தூக்குங்கள். கொப்புளம் வந்தால் அப்படியே விட்டுவிடக் கூடாது, பரவிக்கொண்டே போகும்; சுத்தமான ஊசியால் அடிப்பக்கம் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை வெட்டாமல் மூடியாக விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் வீட்டில் தினமும் செய்கிற அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் நீங்கள் அவரை வெளியே உட்காரச் சொல்லியிருப்பீர்கள்.

இந்த வியாதிக்கு இப்போது கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. ஜெர்மனியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலை உடம்பின் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். 2017-ல் அந்த ஆய்வு வெளியானது. 2023-ல் புண்ணின் மேலேயே தடவுகிற மரபணு மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்லது. ஆனால் அந்தத் தோல் போய்ச் சேருகிற முதல் ஆஸ்பத்திரியிலும் டேப் ஒட்டுவார்கள்.

எஃப்.ஓ.பி. (ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் ப்ரோக்ரெசிவா) என்ற வியாதியை நீங்கள் வாழ்நாளில் ஒரு தடவை கூடப் பார்க்காமல் போகலாம். 10 முதல் 20 லட்சம் பேருக்கு ஒருவர் என்கிறார்கள். தசையும் தசைநாரும் எலும்பாக மாறிவிடும். இடித்துக்கொண்டால் மாறும், தசையில் ஊசி போட்டால் மாறும், பல்லுக்கு மரப்பு ஊசி தவறான இடத்தில் போனால் தாடை பூட்டிக்கொள்ளும். முதுகில் வீங்கிய கட்டியைப் புற்றுநோயோ என்று வெட்டி எடுத்துச் சோதிக்க அனுப்பினால், வெட்டிய இடம் மொத்தமும் எலும்பாகும். அந்த எலும்பை வெட்டி எடுத்தால் அதைவிட அதிகமாக வளரும். ஹாரி ஈஸ்ட்லாக் என்பவர் 1973-ல் இறக்கும்போது உதடுகளைத் தவிர வேறெதையும் அசைக்க முடியாத நிலையில் இருந்தார். நாற்பது வயது கூட நிறையவில்லை. தன் எலும்புக்கூட்டை மருத்துவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். ஃபிலடெல்ஃபியாவில் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. காரணமான மரபணுவை 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் மரபணு பார்ப்பதற்கு முன்னால் கால் கட்டைவிரலைப் பாருங்கள். எஃப்.ஓ.பி. உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருக்குமே பிறந்த அன்றே கால் கட்டைவிரல் குட்டையாக, பக்கவாட்டில் சாய்ந்து இருக்கும். காலுறையைக் கழற்ற ஐந்து விநாடி. முதுகில் கட்டியோடு வரும் குழந்தைக்குக் கத்தி எடுப்பதற்கு முன் அந்த ஐந்து விநாடியைச் செலவழிக்கலாம்.

ரத்தக்குழாய் எலர்ஸ்-டான்லோஸ் என்ற வியாதி உள்ளவர்கள் வந்தால் சீக்கிரம் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே பழுது மூன்றாம் வகைக் கொலாஜனில். இருபது வயதுக்காரர் திடீர் வயிற்றுவலியோடு வந்து, தன் வியாதியின் பேர் இது என்று சொன்னால், வாயு என்று அனுப்பிவிடக் கூடாத ஆள் அவர். தமனி கிழிந்திருக்கலாம். மூளையின் வெள்ளைப்பொருள் கரைகிற ஒரு வியாதியும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்குத் தலையில் லேசான ஓர் இடி, அல்லது ஒரு காய்ச்சல், போதும், நேற்று நடந்த பிள்ளை இன்று நடக்காது. ஸ்கேனில் ரத்தம் இல்லை, எலும்பு உடையவில்லை என்றதும் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் பலர் வலியில் கத்துவதில்லை. எனக்கு உடைந்த இடம் எதுவென்று படத்துக்கு முன்னாலேயே தெரியும், சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பேன். “உடைஞ்சிருந்தா இப்படி உட்கார முடியுமா?” என்று கேட்பார்கள். முடியும், பழக்கம். முதல் நாள் எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல் தெரியாமல் போகும். பத்து நாள் கழித்து எடுத்தால் தெரியும். நடுவில் பத்து நாள் நான் நடிக்கிறேன் என்று பெயர். வலியே தெரியாத பிறவிகளும் இருக்கிறார்கள். சிலருக்கு நரம்பில் சோடியம் போகிற ஒரு வாய்க்கால் வேலை செய்யாது. உடைந்த காலோடு ஓடி விளையாடிவிட்டுத்தான் வருவார்கள். அவர்களிடம் “ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?” என்று கேட்டு என்ன பயன்?

அடுத்தது சொல்லத் தயக்கமாக இருக்கிறது, சொல்லியாக வேண்டும்.

நான் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா டயபர் மாற்ற இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் மாற்றுவார்கள். தொடை முறிந்தது. எக்ஸ்ரேயில் விலாவில் ஆறிப்போன பழைய முறிவு இரண்டு தெரிந்தன. அதற்கப்புறம் அம்மாவிடம் யாரும் அம்மாவிடம் பேசுவதுபோலப் பேசவில்லை. தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டார்கள். அப்பாவை வேறு அறையில் கேட்டார்கள். ஒன்பது நாள் நான் வார்டில் தனியாக இருந்தேன், அம்மா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும், இன்னொருவர் பக்கத்தில் நிற்க, என்னைப் பார்க்கலாம். பிறகு ஒரு மூத்த மருத்துவர் மண்டையோட்டுப் படத்தில் சின்னச் சின்னத் துண்டு எலும்புகள் சேர்ந்திருப்பதைப் பார்த்து வியாதியின் பெயரைச் சொன்னார். அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. என்னை இன்னமும் அணைத்துக்கொள்ள மாட்டார். தோளில் ஒரு விரலால் தொடுவார்.

குழந்தைகளை அடித்து முறிக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். எங்கள் வியாதியைவிட அது அதிகம், அதுவும் தெரியும். நீங்கள் கேட்பதை நிறுத்தினால் வேறொரு குழந்தை செத்துப்போகும். ஆகவே கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் அந்தக் கேள்வியோடு கூடவே இன்னொன்றையும் தொடங்குங்கள்: கண், பல், குடும்பத்தில் சீக்கிரம் காது மந்தமானவர்கள், எளிதில் முறிந்தவர்கள் உண்டா, ரத்தம் உறையும் சோதனை, மரபணுச் சோதனை. இரண்டும் ஒரே நாளில் தொடங்கலாம். விசாரணை முடிகிற வரைக்கும் குழந்தையைத் தூக்குகிறவர்கள், கைகளைச் சட்டைக்குள் இழுத்து நுழைக்காமல், தலைக்கு ஒரு கையும் பிட்டத்துக்கு ஒரு கையும் விரித்துக் கொடுத்துத் தூக்கட்டும். அந்த ஒன்பது நாளில் வார்டில் எனக்கு இன்னொரு முறிவு நடந்திருக்கிறது. அதற்கு யாரையும் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்திலும் தப்பு உண்டு. நாலு கிலோ கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, நடு இரவில், மூன்று நோயாளிகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற மருத்துவர் முன்னால் விரித்து வைத்துப் பாடம் நடத்துவோம். பயத்தில் குரல் உயரும். இணையத்தில் படித்ததையும் உடம்பால் கற்றதையும் கலந்து கொட்டுவோம். உங்களுக்கு எது எது என்று பிரிக்க நேரமிருக்காது. எங்கள் குழுவில் இப்போது எல்லாரிடமும் ஒரே ஓர் அட்டையில் எழுதி வைக்கச் சொல்கிறோம்: பெயர் என்ன, என்ன செய்யக் கூடாது, முதலில் எதைச் செய்ய வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும். நாலு வரி. ஐந்தாவது வரி எழுத ஆசையாக இருக்கும், எழுதக் கூடாது.

உங்களிடம் கேட்பது, அரிய வியாதிகளின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி இல்லை. ஆயிரக்கணக்கில் இருக்கிறது, நடக்காத காரியம். யாராவது “இதைச் செய்யாதீர்கள், எனக்கு ஆகாது” என்று சொன்னால் கையை அரை நிமிடம் நிறுத்துங்கள். ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், மருந்து ஒவ்வாமை எழுதுகிற அதே இடத்தில் எழுதுங்கள். பணி மாறுகிறபோது அடுத்தவருக்கு வாயாலும் சொல்லுங்கள். அன்றைக்கு என் கையை உடைத்தது மிஷின். மறுநாள் காலை ஷிஃப்ட் மாறியதும் இன்னொருவர் அதே மிஷினைத் தள்ளிக்கொண்டு என் இடது கையைத் தேடி வந்தார். பக்கத்துக் கட்டில் பாட்டி போட்ட சத்தத்தில்தான் தப்பித்தேன்.

எப்போதாவது நான் பேச முடியாத நிலையில் உங்களிடம் வரலாம். அதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன். அட்டை, கைப்பையின் முன்பக்க ஜிப்பில், மஞ்சள் உறைக்குள் இருக்கிறது. இடது முன்கை வளைந்திருப்பது பழசு, நேராக்கப் பார்க்காதீர்கள். வலது தொடையில் கம்பி இருக்கிறது, இடதில் இல்லை. மூச்சுவிடத் தொண்டையில் குழாய் போட வேண்டி வந்தால் கழுத்தைப் பின்னால் சாய்க்காமல் போடத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து மாற்றும்போது நாலு பேர் வேண்டும், கீழே விரிப்போடு சேர்த்து. பிபி பார்க்கலாம், கையால் பம்ப் அடிக்கிறது, சட்டைக் கைக்கு மேலே, மெதுவாக. போன தடவை இதைச் செய்த செவிலியருக்கு 110-க்கு 70 கிடைத்தது.

இப்படிக்கு,
சுண்டுவிரலுக்காக வந்தவள்